மதுரையினும் சமீபம்

"சென்னைக்குச் சமீபம் மதுரையா, யாழ்ப்பாணமா?" என்று வகுப்பில் நாம் கேட்பதுண்டு. பிள்ளைகள் ஒரே குரலில், "மதுரை!" என்பார்கள். தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அல்லவா ஆச்சரியம்! வான்வழியே மதுரை சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியோ சுமார் 355 தான்.

சென்ற விடுமுறையில் இதை நேரிலேயே அனுபவித்தோம். மீனம்பாக்கத்தில் கிளம்பிய சிறு விமானம், சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில், பனைமரங்கள் சூழ்ந்த பலாலியில் இறங்கிற்று. பக்கத்து ஆசனத்து அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் வாழ்க்கைப்பட்டவர். சிறுமியாயிருந்தபோது போட் மெயிலில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தவராம்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் யுத்தத்தால் கடல்வழியும் வான்வழியும் அடைபட்டன. தங்கை காலமானபோது அம்மையார் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் சாலையில் வந்தாராம். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

2019 நவம்பரில் தொடங்கிய இந்த விமானப் போக்குவரத்து, 2020-இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. இனி வகுப்பில் தூரத்தை அளந்தபின், "வழி திறந்திருக்கிறதா?" என்றும் கேட்கப்போகிறோம்.