பறக்கிற இன்ஜினுக்குக் கையெழுத்து யார் போடுவது?



தஞ்சை வானத்தில் சுகோய் இரைந்தால் நடவு நடுகிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அது விமானப்படைச் சொத்து, அதன் சட்டதிட்டம் தனி. நான் சொல்ல வருவது, பைலட் ஆக விரும்புகிறவர்கள் ஓட்டிப் பழகும் செஸ்னா 172 போன்ற குட்டி விமானங்களைப் பற்றி. நாலு பேர் உட்காரலாம். காற்றிலேயே குளிரும் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றே ஒன்று. நம்ம லேபில் கழற்றி மாட்டும் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்!

பம்ப்செட் நின்றால் வரப்பில் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பலாம். ஆயிரம் அடி உயரத்தில் வரப்பு ஏது? அதனால்தான் டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசு இயக்குநரகம் விதி மேல் விதி போட்டிருக்கிறது. இத்தனை மணி நேரம் பறந்தால் இன்ன பரிசோதனை என்று அட்டவணை உண்டு. வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பக்கூடாது.

இருந்தும் என்ன? 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதியில், ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் நாலே நாளில் விழுந்தன. டி.ஜி.சி.ஏ. அந்தப் பள்ளியின் பயிற்சியையே நிறுத்தி வைத்தது. விழுந்த பிறகு வந்த கண்டிப்பு அது.

அப்படியானால் பரிசோதனையை இன்னும் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் வாடிங்டன் என்ற விஞ்ஞானியின் குழு பிரிட்டிஷ் விமானப்படையின் பழுதுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. 50 மணி நேரப் பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் கூடின, பறக்கப் பறக்கக் குறைந்தன! நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே கோளாறு. 'ஓடுற இன்ஜினை நோண்டாதடா' என்று எங்கப்பா சொல்வார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. (ஆனால் ஆயில் மாற்றுவதற்கு இது பொருந்தாதுப்பா!)

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர், கம்பெனி சொல்லும் 2000 மணி நேர ஓவர்ஹாலைக் கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வருடாந்திரப் பரிசோதனையில் தேற வேண்டும். இன்ஜின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் பார்ப்பவன் நிஜமாகவே பார்க்க வேண்டுமே!

பயிற்சிக்குப் போன ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில், ஜாப் கார்டில் எல்லா டிக்கும் விழுந்த பிறகுதான் வண்டியே உள்ளே வந்தது. ஆய்வுக்கு வருகிறவர் கார்டைத்தான் புரட்டுவார், போல்ட்டைத் தொடமாட்டார். விதி காகிதத்தை மட்டும் கேட்டால் கிடைப்பதும் காகிதம்தான். விமான இன்ஜினியர் உரிமத் தேர்வில் சட்டத்தோடு, தூக்கம், அவசரம், மறதி, மேலதிகாரி நெருக்குதல் பற்றியும் தனிப் பாடம் வைத்திருப்பது சும்மா இல்லை.

அந்த உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. நம்மில் பல பேருக்கு ஆகிவிட்டது!