நிறுத்தணுமா? ‘போ’ன்னு சொல்லுங்க!

மணிலாவில் முதல் நாள். ரெண்டு நீள பெஞ்சுக்கு நடுவுல தலையைக் குனிஞ்சு ஏறி, எதிர்ல இருக்கறவங்க முட்டியில் நம்ம முட்டி இடிக்க உட்கார்ந்தாச்சு. கண்டக்டர் கிடையாது. கடைசியில் இருந்தவர் நீட்டின காசு நாலு கை மாறி டிரைவர்கிட்ட போச்சு. சில்லறை அதே வழியில் திரும்பி வந்துச்சு. நம்ம டவுன் பஸ் கூட்டத்துல ‘ஒரு டிக்கெட் வாங்குங்க’ன்னு காசு பாஸ் பண்ணுவோமே, அதே டெக்னிக்! இறங்குற இடம் வந்ததும், அங்கே மெடிசின் படிக்கும் என் பெரியம்மா பையன் கத்தினான், “பாரா போ!”

வண்டி நின்னுடுச்சு. ‘போ’ன்னா நிக்குதே! ‘பாரா’ன்னா நிறுத்து, ‘போ’ன்னா நம்ம ‘ங்க’ மாதிரி மரியாதையாம். ‘நிறுத்துங்க.’ அவ்வளவுதான்.

இந்த வண்டிக்குப் பேரு ஜீப்னி. மூக்கைப் பார்த்தா ஜீப், பின்னாடி போனா மினி பஸ். உடம்பு முழுக்க பெயின்ட்... மாதா படம், பசங்க பேரு, பானெட் மேல பளபளன்னு உலோகக் குதிரை. நம்ம லாரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பிறந்த குழந்தை!

மெக்கானிக்கல் படிக்கிற மூளை சும்மா இருக்குமா? தோண்டினேன். 1941-ல் ராணுவத்துக்காகப் பெருமளவில் தயாராக ஆரம்பிச்ச ஜீப்புக்கு, அமெரிக்க ராணுவ ஏட்டில் இருந்த பேரு ‘கால் டன் டிரக், நாலுக்கு நாலு’. ஆமாங்க, அதுவும் டிரக்தான். வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து போர்க்காலத்துல 6 லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க. பிரிட்டன், சோவியத் யூனியன்னு கூட்டாளி நாடுகளுக்கெல்லாம் கப்பல் கப்பலா போச்சு. சோவியத்துக்கு மட்டும் சுமார் 50,000. 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. நம்ம ஊர்ல ஓடுற குட்டிக் கார் பவர்தான்.

1945 பிப்ரவரி. ஜப்பான் பிடியிலிருந்து மணிலாவை மீட்க ஒரு மாசம் தெருத்தெருவா சண்டை. சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தாங்க. இன்னைக்கு டூரிஸ்ட்கள் போட்டோ எடுக்கிற இன்ட்ராமுரோஸ் கோட்டைக்குள்ள அன்னைக்கு மிஞ்சினது பெரும்பாலும் இடிபாடுதான். ஊரையே சுமந்த டிராம்கள் நொறுங்கினதோட சரி, திரும்ப ஓடவே இல்லை. வேலைக்குப் போகணும், வண்டி இல்லை. ஆனா, அமெரிக்க ராணுவம் வேண்டாம்னு விட்ட ஜீப்கள் இருக்கே! மலிவா கைமாறின. ஃபிலிப்பினோக்கள் கூரை போட்டாங்க, பின்பக்கத்தை நீட்டினாங்க, பக்கவாட்டுல பெஞ்ச் வெச்சாங்க. நாலு பேர் போன வண்டியில் ஒரு தெருவே ஏறிடுச்சு. எந்த டிசைன் ஆபீஸும் இல்லை, பட்டறைதான்!

லியோனார்டோ சராவ் என்கிற முன்னாள் குதிரை வண்டிக்காரர், 1953-ல் மணிலாவை ஒட்டின லாஸ் பின்யாஸில் ஒரு பட்டறை போட்டார். ‘சராவ்’ங்கறது ஜீப்னிக்கே இன்னொரு பேரு மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கு ஓடறது நிஜப் போர் ஜீப் இல்லை. பாடி உள்ளூர் தகரம், இன்ஜின் பெரும்பாலும் ஜப்பானில் இருந்து வந்த பழைய டீசல். மூக்கு மட்டும் அதே ஜாடை. 1947-ல் நம்ம மஹிந்திரா பம்பாயில் அசெம்பிள் பண்ணினதும் இதே வில்லிஸைத்தான். போடி மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்புக்கு இது பங்காளி!

அடுத்த நாள் டிரைவர் பக்கத்து சீட் கிடைச்சுது. வண்டி அவரோடது இல்லை. தினமும் ஓனருக்குக் கட்டுற வாடகைக்குப் பேரு ‘பவுண்டரி’. அதுக்கு மேல ஓடினாத்தான் வீட்டுக்கு அரிசி. நம்ம வாடகை ஆட்டோ கதையேதான். 2020 ஊரடங்கில் ஜீப்னியை நிறுத்தினப்போ டிரைவர்கள் தெருவில் நின்னு பிச்சை கேட்டாங்க. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

2017-ல் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. பழைய வண்டி போகணும். யூரோ 4 இன்ஜினோ எலெக்ட்ரிக்கோ வரணும். தனி ஓனர்கள் கூட்டுறவா சேரணும். புது வண்டி 20 லட்சம் பெசோவுக்கு மேல. நம்ம கணக்கில் 30 லட்சம் ரூபாயைத் தாண்டும்! 2023 மார்ச்சில் ஸ்டிரைக் வெடிச்சுது. கூட்டுறவில் சேர்றதுக்கான கெடு, 2023 டிசம்பர் 31-ல் இருந்து 2024 ஏப்ரல் 30-க்குத் தள்ளிப்போச்சு.

நேர்மையா சொல்லணும்னா, அந்தக் கரும்புகையில் ரெண்டு நாள் இருமினவன் நான். எமிஷன் பாடத்துல படிச்சது அப்படியே மூக்குல ஏறுச்சு. புது இன்ஜின் வேணும், சந்தேகமே இல்லை. ஆனா, ஊரே சுவாசிக்கிற காத்துக்கான பில்லை தினக்கூலி டிரைவர் தலையில் எழுதினா எப்படி பாஸ்?

“புதுசு நல்லாத்தான் இருக்கு, ஏசி எல்லாம் உண்டு” என்றார் அவர். “ஆனா அது நின்னா கம்ப்யூட்டர் வரணும். இது நின்னா நான் இறங்கினா போதும்.” டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கந்தல் துணியில் சுத்தின ஸ்பேனர்கள்.

கடைசி நாள் தனியா ஏறினேன். என் ஸ்டாப் வந்துச்சு. “பா...” தொண்டையில் மாட்டிக்கிச்சு. வண்டி தாண்டப் போகுது. எதிர்ல இருந்த பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, கையில இருந்த காசால கூரையில் ‘டொக் டொக்’னு தட்டினாங்க.

வண்டி நின்னுது.