யாருட முழம்?

மருதமுனைக் கைத்தறிச் சாரியைப் பற்றி எங்கட பகுதி ஆக்களுக்குப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. இப்போது அந்தச் சாரி கடைக்குப் போறதுக்கு முதலே வட்ஸ்அப்பில் போய்விடுகிறது. தறி வீட்டில் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பினால், கொழும்பில் இருக்கிறவர் கலரைப் பார்த்து ஓடர் தருகிறார். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கட மாமி இப்படித்தான் விற்கிறவ. அவவுக்கு அடிக்கடி வருகிற முறைப்பாடு ஒன்றுதான்: "படத்தில பார்த்த கலர் இது இல்லையே." சாரி திரும்பி வரும். தபால் செலவு மாமியின் தலையில். மாமி பொய் சொல்லவில்லை, வாங்கினவரும் பொய் சொல்லவில்லை. அப்போ எங்கே பிழை?

நான் கலைப்பீடத்தில் படிக்கிறவள். ஒளியியல் என்ட பாடமில்லை. ஆனாலும் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் நல்லா விளங்கியது. டிஜிட்டல் போட்டோவுக்குள் கலரே கிடையாது, நம்பர்தான் கிடக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நம்பர், வழமையாக 0 இலிருந்து 255 வரை. சரி, பச்சை 255 என்றால் எந்தப் பச்சை? நம்பர் மட்டும் அதைச் சொல்லாது. மூன்று முழம் துணி என்றால் யாருட முழம் என்று கேட்போமே, அந்தக் கேள்விதான் இது. பதிலை ஃபைலோடு சேர்த்து அனுப்புகிற சின்னக் குறிப்புக்குப் பெயர்தான் கலர் புரொஃபைல்.

இந்தக் குறிப்பை எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்று 1993இல் அடொபி, அப்பிள், கொடாக், மைக்ரோசொஃப்ட் உட்பட எட்டுக் கம்பனிகள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது முழத்தை முன்வைத்தன. அது அந்தக் காலத்துப் பெரிய குழாய் மொனிட்டர் காட்டக்கூடிய நிறங்களை வைத்துச் செய்யப்பட்டது. இன்றைக்கும் இணையத்தில் பெரும்பாலும் நடக்கிறது அதன் ஆட்சிதான். 1998இல் வந்த அடொபி ஆர்ஜிபி அதைவிட அகலமானது, முக்கியமாகப் பச்சை, நீலப்பச்சைப் பக்கம். அடொபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தை, புரொஃபைலைக் கவனிக்காத அப் ஒன்று எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துத் திறந்தால் நிறமெல்லாம் வெளிறிப்போகும். நம்பர் அதேதான், முழம்தான் மாறிவிட்டது.

இதில் மாட்டிக்கொள்கிற நிறம் மயில்கழுத்து. பளிச்சென்ற நீலப்பச்சை பல எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு அங்கே நம்பரே இல்லை, பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு நிறம்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு மயில்கழுத்தைப் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் போட்டு நெய்வார்கள். மடிப்புத் திரும்பத் திரும்ப நிறமும் மாறும். டியூப் லைட்டில் ஒன்று, வெயிலில் இன்னொன்று. ஒரே படத்தில் இதை அடக்க ஏலாது.

அதனால் மாமியோடு சேர்ந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். படம் எடுப்பது பகலில், திண்ணை நிழலில். முதல் படத்தில் சாரிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை. அதை வைத்து வைட் பலன்ஸைச் சரிசெய்து, எஸ்ஆர்ஜிபியாக மாற்றி அனுப்புகிறோம். மயில்கழுத்து என்றால் சாரியை அசைத்து ஒரு சின்ன வீடியோவும். திரும்பி வருவது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு இது மனதுக்குள் போனது வேறொரு படத்தால்.

மூத்தம்மா 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது மௌத்தாகிவிட்டா. வீட்டிலிருந்த அல்பங்களும் அன்றைக்கே போய்விட்டன. மிஞ்சியது மாவனல்லையில் இருக்கிற சாச்சியிடம் இருந்த ஒரேயொரு கலர்ப் படம். பழைய கலர்ப் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போவது வழமை, அதனால் படம் முழுக்கச் செம்மை ஏறிக் கிடந்தது. திருத்தித் தரச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். சாரியைக் கடும் நீலமாக்கி, முகத்தை மாவு பூசினமாதிரி வெள்ளையாக்கித் தந்தார்கள். உம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா, "இது ஆரோ ஒரு பொம்பள. எங்கட உம்மா இல்ல."

வெள்ளை முகம்தான் சரியான முகம் என்ற பழக்கம் எங்கட ஊர் ஸ்டூடியோக்களில் பிறந்ததில்லை. ஃபில்ம் காலத்தில் லேப்களில் கலரைச் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய மாதிரிப் படத்துக்கு ஷேர்லி கார்ட் என்று பெயர். பல பத்தாண்டுகளாக அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளுடைய முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. கனடாவின் லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சொக்லேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தங்கட பொருள் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும்தான் கொடாக் மண்ணிறங்களைத் திருத்தத் தொடங்கியது என்று அதில் வருகிறது. மண்ணிறத் தோல்காரர் முறையிட்டதால் இல்லை. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்ட் 1990களில்தான் வந்தது. யாருட முழம் என்ற கேள்வி தோலுக்கும் பொருந்துகிறது.

மூத்தம்மாவை நான் கண்டதில்லை. அவவின் நிறம் எனக்குத் தெரியாது. ஆனால் படத்தில் அவ உடுத்தியிருந்த சாரி சாச்சியிடம் இருந்தது. கலியாணத்துக்குக் கொடுத்ததாம். அலுமாரியில் மடித்தே கிடந்ததால் உள்மடிப்பில் நிறம் அப்படியே இருந்தது. வெள்ளைக் கரை போட்ட கரும்பச்சை.

திருத்தாத பிரிண்டைத் திரும்ப ஸ்கேன் பண்ணி, புரொஃபைலோடு டிஃப் ஃபைலாக வைத்தேன். சாரியை நிழலில் சாம்பல் அட்டையோடு படம் எடுத்தேன். கிம்ப் இலவசம், அதில் கேர்வ்ஸை மெல்ல மெல்ல நகர்த்தி, படத்திலிருக்கிற சாரியையும் கரையையும் உண்மையான சாரிக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். முகத்தைத் தனியாகத் தொடவேயில்லை. சாரி சரியாக வர வர, முகத்தின் செம்மையும் இறங்கியது.

உம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "இன்னும் கொஞ்சம் கறுப்பு மகள். உம்மா வெயில்ல திரிஞ்ச மனிசி." அதற்கு எந்தப் புரொஃபைலும் இல்லை. உம்மா போதும் என்று சொல்கிற இடத்தில் நிறுத்தினேன்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள், இல்லாவிட்டால் பிரிண்ட் இருண்டு வரும். லேப்பிடம் எந்தப் புரொஃபைல் வேண்டும் என்று கேட்டு, ஃபைலை அதற்கு 'கன்வேர்ட்' பண்ணிக் கொடுங்கள். கன்வேர்ட் என்றால் நிறத்தை மாற்றாமல் புது முழத்தால் அளந்து எழுதுவது. 'அசைன்' என்றால் அளக்காமல் முழத்தின் பெயரை மட்டும் மாற்றுவது, அதில் நிறம் ஓடிவிடும். மெஷினின் ஓட்டோ கரெக்ஷனை நிறுத்தச் சொல்லி முதலில் ஒரு சின்னப் பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாங்கள் மூன்றாவது சின்னப் பிரிண்டில்தான் சரி என்றோம்.

இந்தக் கரையில் கனபேர் வீட்டில் இப்படி ஒரேயொரு படம் இருக்கும். அதைத் திருத்தாமல் முதலில் ஸ்கேன் பண்ணி வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியாக்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: சாரி என்ன கலர், சுவர் என்ன கலர், ஆள் என்ன நிறம். கேட்டதை எழுதி வையுங்கள். ஸ்கேனரை எப்போதும் வாங்கலாம், அந்தப் பதில் அவர்கள் இருக்கும்வரைதான்.