இரண்டு தண்ணீருக்கு நடுவே

மே மாதக் கடைசி. சான்பாடாவின் அடுக்குமாடிகளில் வேலை மும்முரம். மொட்டை மாடி விரிசல்களை அடைக்கிறார்கள். ஒழுகும் கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறுகிறது. சாலையோரத்தில் மரக்கிளைகள் வெட்டப்படுகின்றன. செம்பூர், மாதுங்கா பக்கமிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ் வீடுகளில் வடாமும் வற்றலும் அவசர அவசரமாகக் காய்கின்றன. ஜூன் பிறந்துவிட்டால் வெயிலை நம்ப முடியாது.

மும்பையில் பருவமழை தொடங்க வேண்டிய நாள் ஜூன் 11. வானம் இந்தக் கணக்கை மதிப்பதில்லை. 2025இல் மே 26ஆம் தேதியே மழை வந்துவிட்டது. மே 31க்குள் சாக்கடைகளைத் தூர்வாரி முடிப்பதுதான் வழக்கமான திட்டம். மழை முந்திக்கொண்டது.

சான்பாடாவுக்குக் கவலை மேலிருந்து மட்டும் அல்ல. பக்கத்திலேயே தாணே கடற்கழி. 1970இல் உருவான சிட்கோ நிறுவனம், சதுப்பு நிலங்களை மேடாக்கி நவி மும்பையை எழுப்பியது. ஓதம் ஏறும்போது தாழ்வான பகுதிகளைவிடக் கடல் உயர்ந்து நிற்கும். இதற்கு டச்சு நாட்டுப் பாணியில் ஒரு விடை கண்டார்கள்: தேக்கக் குளங்கள். கடல் ஏறினால் குளத்தின் மதகு மூடிக்கொள்ளும். மழைநீர் குளத்தில் காத்திருக்கும். கடல் வடிந்ததும் மதகு திறந்து தண்ணீர் வெளியேறும். எளிய ஏற்பாடுதான், குளத்தில் இடம் இருக்கும் வரை.

அந்த இடம்தான் குறைந்து வருகிறது. ஆண்டுக்கணக்கில் வண்டல் படிந்தது; வண்டலில் அலையாத்தி மரங்கள் வேரூன்றின. அலையாத்தியை அழிப்பது மக்களின் வாழ்வுரிமையைப் பறிப்பதாகும் என்று 2018இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி அதில் கைவைக்க முடியாது. தூர்வாராவிட்டால் ஊருக்குள் வெள்ளம். மரத்தை வெட்டினால் அலைக்கும் புயலுக்கும் எதிரான அரண் போகும். 2020 ஜூன் 3ஆம் தேதி அலிபாக் அருகே நிசர்கா புயல் கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அரணின் அருமை தெரியும்.

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பை மறக்கவில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதன் பிறகு மழைக்காலத்தில் மும்பைக்காரர்கள் மழை அறிவிப்போடு ஓத அட்டவணையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாளில் கனமழையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

மாடி விரிசலைச் சான்பாடாவாசிகள் தாங்களே அடைத்துக்கொள்வார்கள். குளத்தைத் தூர்வாருவது அவர்கள் கையில் இல்லை. வடாம் காய்ந்துவிட்டது, டப்பாவில் ஏறிவிட்டது. குளத்தின் வண்டல் மட்டும் இன்னொரு மழைக்காலத்துக்குக் காத்திருக்கிறது.