பட்டனுக்கு ஒரு பெயர்

28 ஏப்ரல் 2025, திங்கள்

காலையிலேயே மாஷ் வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்றபின் இங்கே இடக்கொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு செக்ரட்டரியாக இருக்கிறார். என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகு மண்டியில் கணக்கெழுதுவதால் பழக்கம். சங்கத்துக்குப் புதிதாக மொபைல் ஆப் செய்து வாங்குகிறார்களாம். கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை. "அதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு தடவை பார்த்துச் சொன்னா நல்லது" என்றார்.

நான் டீச்சர் இல்லை. கண் தெரியாதவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் யாருக்கோ பாடம் எடுக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டியிருக்கிறார். காக்கநாட்டில் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே ஆப்களையும் வலைத்தளங்களையும் சோதித்து, மாற்றுத்திறனாளிகளுக்கு எங்கே முட்டுகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சொன்னேன். "அப்போ இன்னும் நல்லது" என்றார். கூலி பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

மாஷின் ஆப்பைப் போனில் ஏற்றி, போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கை ஓடவிட்டேன். திரையில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாக எது இருக்கிறதோ அதை அது வாசிக்க வேண்டும். வாசித்தது இப்படி: "பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்..." மொத்தம் ஆறு. மூன்றாவதை இரண்டு தட்டுத் தட்டினேன், ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போய் நான்காவதைத் தட்டினால் பணம் அனுப்பும் பக்கம்.

கண் தெரிகிறவர்களுக்கு அங்கே வீடு, மணி, ரூபாய் என்று படம் போட்டிருப்பதாக மகள் சொன்னாள். அந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று கோடில் ஒரு வரி எழுதினால் போதும், டாக்பேக் அதைச் சொல்லிவிடும். ஆறு பட்டனுக்கு ஆறு வரி.

அடுத்து ஓடிபி. மெசேஜை டாக்பேக் வாசித்து, நான் எண்ணை மனதில் பிடித்து, கட்டத்தைத் தேடிப் போவதற்குள் "நேரம் முடிந்தது" என்கிறது. உலகம் முழுக்கப் பின்பற்றும் டபிள்யூசிஏஜி விதிப்படி, நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடியாவது கொடுக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற அளவிலாவது நிறவேறுபாடு இருக்க வேண்டும். இந்த ஆப்பில் வெள்ளையின்மேல் வெளிறிய சாம்பல் எழுத்து. மகள் அளந்து பார்த்தாள், 3:1 கூடத் தேறவில்லை.

மகளை அருகில் வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். அப்படி முடித்து முடித்துத்தான் என் பின் நம்பர் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க் மட்டும் விடாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

30 ஏப்ரல், புதன்

சாயங்காலம் எங்கள் வாட்ஸாப் குழு கொதித்துக் கிடந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் பேங்க் கணக்கு தொடங்கப் போனபோது, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லியிருக்கிறார்கள். சிமிட்ட அவரால் முடியாது. அவர் தொடுத்த வழக்கையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கையும் சேர்த்து விசாரித்து நீதிபதிகள் பர்திவாலாவும் தமிழ்நாட்டு மகாதேவனும் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். டிஜிட்டல் சேவைகளை எட்டுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும். கூடவே 20 உத்தரவுகள். சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், கைநாட்டை ஏற்க வேண்டும், காகிதத்தில் கேஒய்சி கொடுக்கும் வழியை மூடக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விட இனித்தது வேறொன்று. புது ஆப்போ புது வசதியோ வெளியிடுமுன் நடக்கும் பயனர் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்கிறது ஓர் உத்தரவு. நான் பார்க்கிற வேலைக்கு உச்ச நீதிமன்றத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

போன வருஷம் நான் கேஒய்சி செய்த கதையை அத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி அந்த ஆப் திரையில் எழுதிக் காட்டியது, வாய் திறக்கவில்லை. "இன்னும் மேல தூக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்று அத்தை வழி சொல்லச் சொல்ல, நான் ஃபேனைப் படம் எடுத்து அனுப்பினேன்.

3 மே, சனி

தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா ஊர் வரலாறு ஒன்றை வேர்டு ஃபைலாக அனுப்பியிருந்தார். ஆசையாகத் திறந்தேன். கம்ப்யூட்டரில் எனக்குத் திரையை வாசிக்கும் என்விடிஏ உளறியது. சந்தேகம் வந்து ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டேன்: "எம், கே, செமிகோலன், கே, ஹெச்." பாமினி எழுத்துருவில் அதுதான் "அம்மா". பார்க்கிறவர் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது இங்கிலீஷ் எழுத்துகளின் குவியல்.

தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துரு அச்சகங்களை விட்டுப் போகவில்லை. அதைவிட மோசம், பக்கத்தை ஸ்கேன் செய்து வெறும் படமாகப் போடுவது. அதிலிருந்து எழுத்தை மீட்கப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் எழுத்துணரி செய்தார்கள். வொர்த் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைக் கொண்டு பிரெயில் புத்தகங்கள் தயாரித்தது. யூனிகோடில் தட்டியிருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

என்விடிஏயைத் தொடங்கிய மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். ஆஸ்திரேலியாக்காரர். 2006இல் தொடங்கி இன்றுவரை இலவசம். அது இல்லாவிட்டால் எனக்கு இந்தச் சம்பளம் இல்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டு யூனிகோடில் மாற்றி அனுப்பச் சொன்னேன். "எழுத்து நல்லாத்தானே தெரியுது?" என்றார்.

5 மே, திங்கள்

எர்ணாகுளத்தில் ஆபீஸ் கூட்டம். ஃபோர்ட் கொச்சி வரை பஸ், அங்கிருந்து வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் ஜெட்டி. பஸ்ஸில் எந்த ஸ்டாப் என்று சொல்லும் குரல் கிடையாது, கண்டக்டரின் நல்ல மனசுதான் அறிவிப்பு.

படகு வேறு கதை. பழைய ஜெட்டிகளில் கரை அசையாமல் நிற்கும், படகு கடல்நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏறி இறங்கும். நடுவில் எவ்வளவு பள்ளம் என்று அன்றன்றைக்கு யாராவது கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஏறும் மேடையே மிதவை. தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்குவதால் படகின் தரையும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். கைத்தடியால் தொட்டுப் பார்த்துவிட்டு நானே நடந்து ஏறினேன். சக்கர நாற்காலியும் அப்படியே உருண்டு போகும், சூட்கேஸும் போகும். வரைபடம் போடும்போதே யோசித்ததால் இன்று யாருக்கும் கூடுதல் வேலை இல்லை.

7 மே, புதன்

நான்கு மணிக்குப் போர்க்கால ஒத்திகை, கேரளம் முழுக்க சைரன். சத்தம் அடங்கியதும் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்ன ஆயிற்று என்று அவன் அம்மாவைச் சைகையில் கேட்டிருக்கிறான். அவனுக்குக் காது கேட்காது. அதே நேரம் எங்கள் வீட்டு டிவியில் திரையின் அடியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்ததாம், அது எனக்கு வந்து சேரவில்லை. ஒரே தெருவில் ஆளுக்கொரு பாதிச் செய்தி.

2023 அக்டோபரில் கேரளத்தில் செல்போன் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்த்த அன்று போன் அலறவும் செய்தது, அதிரவும் செய்தது. அன்றைக்கு அவனே ஓடிவந்து எல்லாருக்கும் திரையைக் காட்டினான் என்று அவன் அம்மா நினைவுபடுத்தினார். எந்தச் செய்தியும் ஒரே புலனை நம்பிப் போகக் கூடாது என்பதுதான் தரநிலைகளின் முதல் பாடம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கேட்பதும் இதுதான்: ஒலிவர்ணனை, சைகைமொழி, வசனவரி.

10 மே, சனி

என் அறிக்கையை எடுத்துக்கொண்டு மாஷ் வந்தார், ஆப் செய்த பையனையும் கூட்டி வந்தார்.

"சேச்சி, இந்த ஆப் யூசர்ஸ்ல பிளைண்ட் ஆள் யாருமே இல்லையே" என்றான்.

"உள்ள வர முடியாதவன் எப்படிப்பா யூசர் கணக்குல வருவான்?"

மாஷ் சிரித்துவிட்டார். பிறகு, கட்டாயமா என்று கேட்டார். அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் கட்டும், மீறினால் 89ஆம் பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், பிறகு 5 லட்சம் வரை போகும் என்றேன். எந்த அளவுகோல் என்றால் இந்தியத் தரநிலை 17802. முதல் பாகம் 2021, சோதிக்கும் முறையைச் சொல்லும் இரண்டாம் பாகம் 2022, ஐரோப்பியத் தரநிலையை ஒட்டி எழுதியது. 2023 மே மாதம் அரசு அதைச் சட்டத்தின் கீழுள்ள பதினைந்தாம் விதியில் சேர்த்தது. ஆனால் அந்த விதியின் உட்பிரிவு வெறும் பரிந்துரையாக நிற்கிறது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அதை ரத்து செய்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது. அந்தக் கெடு பிப்ரவரியோடு போயிற்று.

"எல்லாம் திருத்த எத்தனை நாள்?" மாஷ் பையனிடம் கேட்டார்.

"மூணு வாரம் சார். லாகின் முழுக்கப் பிரிக்கணும்."

"ஆர்டர்லயே எழுதியிருந்தா?"

"ரெண்டு மூணு நாள் கூடியிருக்கும்."

மாஷ் கொஞ்சம் நேரம் பேசவில்லை. ஜெட்டி கட்டி முடித்த பிறகு மிதவை கேட்கிறோம் என்றேன். இதில் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனிடம் யாரும் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகத் தரநிலை இருந்தும், வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் காகிதத்தில் அதன் பெயர் இல்லாவிட்டால் செய்கிறவர் மேசைக்கு அது போய்ச் சேராது.

15 மே, வியாழன்

மே மூன்றாம் வியாழன், உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாள். ஆபீஸில் ஆன்லைன் கூட்டம். எல்லார் பேச்சும் ஜூன் 28ஐச் சுற்றித்தான். அன்று ஐரோப்பிய அணுகல் சட்டம் அமலுக்கு வருகிறது. ஜெர்மன்காரன் கடையில் சட்டை வாங்கும் பக்கத்தை இடக்கொச்சியில் உட்கார்ந்து பட்டன் பட்டனாகத் தட்டிப் பார்க்கிறேன். அங்கே கேட்கிறார்கள், அதனால் கம்பெனி ஆள் வைத்துப் பார்க்கிறது.

மத்தியானம் மாஷ் போன் செய்தார். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறாராம். அடுத்து வரும் சங்க வலைத்தளத்துக்கான ஆர்டரில் ஒரு ஷரத்து எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: "தரநிலை 17802இன்படி இருக்க வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர் உட்பட மாற்றுத்திறனாளிகள் சோதித்து ஒப்புதல் தந்த பிறகே கடைசித் தவணை. சோதிப்பவர்களுக்குக் கூலி உண்டு."

கடைசி வரியை வாசித்துவிட்டு, "இது எவ்வளவு வரும் டீச்சர்?" என்றார். என் மணிக்கணக்கைச் சொன்னேன். பேரம் பேசினார், நான் குறைக்கவில்லை. ஆப்பைப் பார்த்ததற்கான பில்லையும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்.