ஆறடி வேலிக்குள்ள ஓர் அப்பா!

ஈரோடு பஸ் ஸ்டாண்டுல பெருந்துறை பஸ் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம். அங்கிருந்து டவுன் பஸ், அப்புறம் கொஞ்சம் நடை... எங்க மாமா தோட்டம் வந்துடும். தென்னைக்கு நடுவுல ஆறடி உயரக் கம்பி வேலி. உள்ளே நாலே நாலு வெள்ளாடு! 'ஆட்டுக்கு எதுக்குங்க இத்தனை பெரிய வேலி?'னு சிரிக்காதீங்க. அது ஈமுவுக்குப் போட்டது.

ஈமு ஆஸ்திரேலியாக்காரப் பறவை. உயரத்துல நெருப்புக்கோழிக்கு அடுத்த இடம். கழுத்தை நிமிர்த்தினா ஆறடியைத் தொடும். பறக்காது. ஆனா, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல ஓடி, நம்ம டூவீலருக்கே டஃப் கொடுக்கும்! கண்ணுல தூசி விழாம இருக்க, இமைக்கு உள்ளே கண்ணாடி மாதிரி இன்னொரு சவ்வு. கல்லை விழுங்கும்... இரைப்பைக்குள்ள அதுதான் அம்மிக்கல். மினுக்குற எதையும் விடாது. மாமாவோட சட்டை பட்டன் ரெண்டு அப்படித்தான் உள்ளே போச்சு. 'டும்... டும்...'னு தொண்டையிலேயே மேளம் அடிக்கிறது பெண் ஈமு. ஆண் உறுமும்.

1932-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கோதுமை வயலைக் காப்பாத்த, ராணுவமே மெஷின் கன்னோட இதுங்க மேல சண்டைக்குப் போச்சு. ஜெயிச்சது யாருங்கறீங்க? ஈமுதான்!

அப்பேர்ப்பட்ட பறவை பெருந்துறையில மாட்டிக்கிச்சு. 'குஞ்சு வாங்கி வளருங்க, மாசாமாசம் பணம் தர்றோம்'னு கம்பெனிகள் சொல்ல, நகையை அடகு வெச்சவங்க எங்க மாமா மட்டும் இல்லை. முட்டையும் குஞ்சும் பெருகுச்சு. கறி வாங்கத்தான் ஆள் இல்லை. புதுசா ஆள் சேர்ற வரைக்கும் பணம் வந்துச்சு. 2012 ஆகஸ்ட்ல எல்லாம் கவுந்துபோச்சு. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டிய நிலைமை.

எனக்கு அப்ப ஆறேழு வயசு. அதுவரை முட்டையிட்ட சூட்டோட கம்பெனி வண்டி அள்ளிட்டுப் போயிடும். அந்தக் குளிர்காலம் வண்டி வரலை. கரும்பச்சை முட்டைங்க மண்ணுலயே கிடந்துச்சு. ஆண் ஈமு மெள்ள வந்து மேலே உட்கார்ந்துச்சு. ஆமாங்க... ஈமுவுல அடைகாக்கிறது அப்பாதான்! அம்மாவுக்கு முட்டையிடுறதோட வேலை முடிஞ்சது. எட்டு வாரம் தீனி எடுக்கலை. எழுந்து முட்டையைப் புரட்டிவிடும், மறுபடி உட்காரும். உடம்பு எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் இதுல கரைஞ்சிடுமாம்.

"ஒருத்தனுக்குத் தீவனச் செலவு மிச்சம் கண்ணு"ன்னு மாமா சிரிச்சார். அந்த நாள்ல மாமாவும் சரியா சாப்பிடலைன்னு அத்தை இப்பதான் சொன்னாங்க.

அணில் மாதிரி கோடு போட்ட ஏழு குஞ்சு பொரிச்சது. எல்லாம் அப்பா பின்னாலேயே சுத்தும். சொந்த ஊர்ல தண்ணி, தீனி தேடி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடக்குற பறவை அது. இங்கே, வேலிக்குள்ள நாப்பது அடி!

கடைசில, வந்த விலைக்கு எல்லாத்தையும் மாமா கொடுத்துட்டார். கடன் அடைஞ்சது போன வருஷம்தான்.

"வேலியை ஏன் மாமா பிரிக்கலை?"

"இருக்கட்டும் கண்ணு. எவனாவது நிச்சய வருமானம்னு வந்தா, அன்னிக்கு நான் கேட்காம விட்ட கேள்வி இதைப் பார்த்தா ஞாபகம் வரும்... 'கடைசில இதை வாங்கப்போறது யாருங்க?'"

உங்க ஹாஸ்டல் வாசலுக்கும் அப்படி ஆளுங்க வருவாங்க ஃப்ரெண்ட்ஸ். மறக்காம கேட்டுடுங்க!