கொள்ளிடத்தில் அன்று வெள்ளம் இல்லை

லால்குடி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் நர்சம்மா என்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. என் வீட்டிலேயும் ஒரு கர்ப்பிணி இருந்தாள். என் மருமகள். அவளுக்கு நான் செய்ததை எழுதுகிறேன். படிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லலாம். அதற்கு முழுக் கதையும் தெரிய வேண்டும். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைக்க மாட்டேன்.

கர்ப்பத்துக்கு முன்னாலிருந்து தொடங்குகிறேன். தப்பும் அங்கேதான் தொடங்கியது.

கல்யாணமான முதல் வருஷமே உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஸ்கூட்டியில் போய்வருவாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே, "அந்த வண்டிய ஓட்டாத, ஓட்டாதன்னு சொன்னேனே, கேட்டியா?" என்றேன்.

நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய்யும் அல்ல. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் கலைபவை. பெற்றவள் எதையும் செய்து அதைக் கொண்டுவருவதில்லை. எதையும் செய்து தடுக்கவும் முடியாது. பூவாளூரிலும் அன்பிலிலும் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்லியிருப்பேன். பெண்ணைக் குறை சொன்ன மாமியார்களை அவர்கள் வாசலிலேயே கண்டித்திருக்கிறேன். என் வீடு என்று வந்ததும் எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டாள். ஸ்கூட்டியை விற்றோம். கொஞ்ச நாளில் வேலையையும் விடச் சொன்னேன். விட்டாள்.

அப்புறம் இரண்டு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. அவள் தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தேன். அவள் சொல்லி அல்ல. வேவு பார்த்துக் குறித்தேன். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று தெருவில் யாராவது கேட்டால், அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். திருக்கருகாவூருக்குக் கூட்டிப்போய் நெய் வாங்கிக் கொடுத்தேன். பார்ப்பவர்களுக்கு அது பக்தி. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற நர்சம்மா வீட்டில் தொட்டில் ஆடவில்லையே என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது. என் உள்ளே இருந்தது அவ்வளவுதான்.

மறுபடி உண்டானாள். நான் அவளைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிரஷர், எடை, ரத்தத்தில் இரும்புச்சத்து, சிறுநீரில் உப்பு, வயிற்றின் அளவு, குழந்தையின் துடிப்பு, எல்லாம் என் நோட்டில் தேதி போட்டு இருக்கின்றன. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த மேலதிகாரி வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அவள் ராத்திரியில் தூங்குகிறாளா என்பது அதில் இல்லை. பக்கத்து அறையில் புரண்டு படுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். மூன்று மணிக்கும் கேட்கும். வயிறு பெரிசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் நிரப்பிய பதிவேட்டில் மனசுக்கு ஒரு கட்டம் இல்லாததைக் காரணமாகச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, புருஷன் குடிப்பானா, மாத்திரையை விழுங்குகிறாளா கொல்லையில் எறிகிறாளா என்று கட்டமே இல்லாத எத்தனையோ கேள்விகளை நான் கேட்டிருக்கிறேன். கேட்கத் தெரிந்தவள்தான். "தூக்கமே வரல நர்சம்மா" என்று சொன்ன பெண்களிடம் சத்து மாத்திரைப் பட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்ததும் நானேதான். அவர்கள் என் மருமகளுக்கு முன்னால் வந்தவர்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இப்போது தேடிப்போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஏழாம் மாதக் கடைசியில் வளைகாப்பு. அவள் அம்மா வீடு ஸ்ரீரங்கம். புருஷன் இல்லாதவர், கோயில் பக்கம் பூக்கட்டிப் பிழைப்பவர். வாடகைக்கு இரண்டே அறை. முறைப்படி ஐந்து வகைச் சாதம் கட்டி, வேன் பேசிக்கொண்டு, மகளைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம். வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து முடிந்ததும் பெண் பையை எடுத்து வைத்தாள். அவள் முகம் அன்று தெளிவாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. என் வீட்டை விட்டுப் போவதற்கு அவ்வளவு சந்தோஷமா என்று தோன்றிவிட்டது.

உறவுக்காரர்கள் பந்தியில் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. அங்க என்ன வசதி இருக்கு? ராத்திரி ஒண்ணுன்னா யாரு பார்ப்பா? நான் இருக்கேன்ல" என்றேன்.

அந்தம்மா பதில் பேசவில்லை. "ஒரு பத்து நாளாவது..." என்று இழுத்தார். நான் இலையில் பாயசம் விடப் போய்விட்டேன். என் மகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன். ஷிப்டைச் சாக்கிட்டு வீட்டு விவகாரத்தில் தலையிடாமல் இருந்து பழகியவன். அன்றும் தலையிடவில்லை. வேன் வந்தபடியே திரும்பிப் போனது. பை மறுபடி உள்ளே போனது.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை திருச்சிப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். பிரசவ வேதனையில் இருக்கும் ரத்னாவதியிடம் தாய் வந்து சேர முடியவில்லை; காவிரியில் வெள்ளம். ஈசனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவத்துக்காக அவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வது வழக்கம். நானும் நேர்ந்திருந்தேன். தாயில்லாத நேரத்தில் தாயாக வந்தவரிடம் வேண்டிக்கொண்டே, இருக்கிற தாயைத் திருப்பி அனுப்பினேன். லால்குடிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே கொள்ளிடம்தான். அன்று அதில் வெள்ளம் இல்லை. பாலம் இருக்கிறது. நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலும் உண்டு. வழியை அடைத்தது நான்.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "அத்தை, நாலு நாள் மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்றாள். அப்போது நான் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "இப்படி அழுதா உள்ள இருக்கற பிள்ளைக்கு ஆகாது. படிச்சவதானே நீ? பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் நீதான் பொறுப்பு."

அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு என் முன்னால் அழவே இல்லை. நான் சரியாகப் பேசிச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அழ வைத்தது நான். அழுதால் குழந்தைக்குக் கேடு என்று பயமுறுத்தியதும் நான். ஏற்கெனவே ஒரு கரு அவளால்தான் கலைந்தது என்று நம்பவைத்திருந்தேன். அந்த நம்பிக்கையின் மேலேயே இதையும் ஏற்றினேன். என் படிப்பையும் அனுபவத்தையும் அவளை அடிக்கப் பிரம்பாகப் பயன்படுத்தினேன்.

33-ஆவது வாரத்தில் நீர்க்குடம் உடைந்தது. 108 வந்தது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் நுரையீரல் பழுக்க ஊசி போட்டார்கள். ஊசி முழுசாக வேலை செய்ய நேரம் கிடைக்கவில்லை. பெண் குழந்தை. ஒரு கிலோ 650 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனாலே எடை குறைவு என்று நான் சிவப்பு மையில் எழுதுவேன். மூச்சுக்கு உதவி வைத்தார்கள். பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்தாள் என் பேத்தி.

கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு நர்ஸ் பெண்ணிடம் மருமகள் சொன்னது என் காதில் விழுந்தது. "நான் அழுதேன் சிஸ்டர். அழக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. கேக்காம ராத்திரி எல்லாம் அழுதேன். அதான் இப்படி."

பக்கத்தில்தான் நின்றேன். "அப்படி இல்லம்மா" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. சொன்னால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வளைகாப்பு வரைக்கும் போகும். ஸ்கூட்டி வரைக்கும் போகும். பயந்தேன். அவள் தலையில் அந்தப் பழி இருந்தவரை என் தலை பத்திரமாக இருந்தது. மற்றதையெல்லாம் கர்வம் என்று சொல்லிவிடலாம். இந்த மௌனம் கோழைத்தனம். இதைத்தான் நான் பெரிய குற்றமாக எண்ணுகிறேன்.

இப்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட குழந்தை ஏன் சீக்கிரம் பிறந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தை டாக்டரும் அப்படித்தான் சொன்னார். தொற்று, கர்ப்பப்பை வாயின் பலவீனம், ரத்த அழுத்தம் என்று காரணங்கள் பல. மன அழுத்தம் அவற்றில் ஒன்று. தனியாகப் பார்த்தால் அதன் பங்கு பெரும்பாலும் சிறியதுதான். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பங்கு தரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கவலை நீடித்தால் தாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற சுரப்பு ஏறுகிறது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து குழந்தையைக் காக்கிறது. அழுத்தம் ஓயாமல் இருந்தால் அந்தக் காவல் தளரலாம். நஞ்சுக்கொடியே சுரக்கும் இன்னொரு சுரப்பு மாதம் ஏற ஏறக் கூடும். சீக்கிரமே அது கூடிவிடும் பெண்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். கோவாவில் நடந்த ஆய்வு ஒன்று, கர்ப்பத்தில் மனநிலை பாதிக்கப்பட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்ததைக் காட்டியது.

என்னை உலுக்கியது 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கலிபோர்னியாவில் பிரசவித்த பெண்களின் கணக்கு அது. அரபுப் பெயர் கொண்ட பெண்களுக்கு மட்டும், முந்தைய வருஷத்தின் அதே மாதங்களைவிடக் குறைப்பிரசவமும் எடை குறைவும் கூடியிருந்தன. தாக்குதல் நடந்ததோ நாட்டின் மறுகோடியில். அவர்கள் வீடு இடியவில்லை, பட்டினி இல்லை. ஊரின் பார்வையும் பேச்சும் மாறியிருந்தன. நானும் மருமகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டேன். கை நீட்டவில்லை. பார்த்தேன், பேசினேன்.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துப் பெண்களைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வும் கிடைத்தது. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றியது. யாருக்கு அது அதிகம் வருகிறது என்று ஒரு பட்டியல். வறுமை, ஆண்பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, கர்ப்பத்தில் நேரும் துன்பங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாமை. அந்த வரிசையில் மாமியாரோடு பிணக்கு என்றும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். ஆராய்ச்சிக்காரர்கள் என்னை ஒரு காரணியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மனச்சோர்வை அறிய 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் ஒன்று உண்டு. பத்தே கேள்வி. தமிழிலும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அந்த ஏழாம் மாதத்தில் மருமகள் எதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நிரப்பிப் பார்க்க முயன்றேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வயதுக்குக் கொஞ்சம் சின்ன உருவம். பேச்சு தாமதமாக வந்தது. இப்போது ஓயாமல் பேசுகிறாள். நஷ்டம் அவள் அம்மாவுக்கு. குழந்தைக்குச் சளி பிடித்தாலும் தன் தப்பு என்கிறாள். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அந்தத் தீர்மானம் அவளுடையதா, என் வார்த்தைகளுடையதா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

போன வருஷம் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரு கலைந்ததற்கு வண்டி காரணமில்லை என்பதும், அது அன்றே எனக்குத் தெரியும் என்பதும் முதலில். அழுததால் குழந்தை சீக்கிரம் பிறக்கவில்லை; அவளை அந்த நிலையில் வைத்தவள் நான்; ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைக் கேட்டும் கேளாதவள்போல் நின்றேன். இத்தனையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "வண்டி இல்லன்னு அப்பவே தெரியுமா அத்தை?" என்று அதை மட்டும் திரும்பக் கேட்டாள். தெரியும் என்றேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "இத எங்கம்மாகிட்டயும் சொல்லுங்க" என்றாள். "அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னால சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். இன்னும் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. பயம்தான்.